தண்ணீரில் நிற்கையில் இடி முழங்கினால்



பங்குனி, சித்திரை மாதங்களில் விசுவமடுவில் காலை வானத்தைப் பார்த்து மாலை வானத்தைச் சொல்ல முடியாது. விடியற்புறம் ஒரு முகில்கூட இருக்காது. பத்து மணிக்கு வெயில் தகரத்தில் பட்டுத் தெறிக்கும். மத்தியானம் கழிந்து இரண்டு, மூன்று மணியானதும் காட்டுப்பக்கமாகக் கறுத்துக்கொண்டு வரும். அதன்பிறகு அரை மணித்தியாலம் போதும். ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான். எமது நாட்டில் இடியும் மின்னலும் மிகக் கூடுதலாக இருப்பது இந்த இரண்டு இடைப்பருவங்களில்தான். ஒன்று மார்ச், ஏப்ரல். மற்றையது ஒக்ரோபர், நவம்பர். மார்கழி, தை மாதத்து வாடைமழை நாட்கணக்கில் நின்று பெய்தாலும் அதில் இடி குறைவு.

மின்னலைப் பற்றிய அறிவுறுத்தல்கள் வானொலியிலும் பத்திரிகையிலும் வருகின்றனதான். வயல்வெளியில் நிற்க வேண்டாம், தனிமரத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம் என்று விவரமாகச் சொல்கிறார்கள். தண்ணீரில் நிற்பவளுக்கு மட்டும் ஒரு வரிதான் மிஞ்சுகிறது: நீர்நிலைகளைத் தவிர்த்துக்கொள்ளவும். தண்ணீரே தொழிலாக இருப்பவள் எதைத் தவிர்ப்பது? குளத்தில் லொறி ரியூப்பில் ஏறியிருந்து கையால் துளாவி வலை இழுக்கிறவர்கள், றெஜிபோம் தெப்பத்தில் போய்த் தாமரைப்பூவும் ஒல்லிக்கிழங்கும் எடுக்கிறவர்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று பன் வெட்டுகிறவர்கள், நந்திக்கடலிலும் நாயாற்றிலும் இறாலுக்கு இறங்குகிறவர்கள், தகப்பனோ கணவனோ விட்டுப்போன வள்ளத்தைத் தாங்களே தாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்று எமக்குள் எத்தனையோ பேர் இருக்கிறோம். 2009 இல் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அந்தக் களப்பைக் கடந்த பெண்களில் சிலர், இன்று அதே தண்ணீரில் இறால் தேடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில், இந்த இடி ஏன் பின்னேரத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பகல் முழுதும் வெயில் நிலத்தைச் சுடுகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. கிழக்கே முல்லைத்தீவுக் கரையில் இருந்தும் மேற்கே மன்னார்க் கரையில் இருந்தும் ஈரமான கடற்காற்று உள்நிலத்துக்கு வந்து அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. ஈரமும் சூடும் சேர்ந்து மேலெழும்பி முகிலாகிக் கோபுரம்போல வளர்கிறது. பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் இந்தக் கோபுரம் எழும்பமுன்னரே காற்று கலைத்துவிடும். இடைப்பருவத்தில் காற்றுக்கு வலுவில்லை. அதனால்தான் முகில் நின்று வளர்கிறது. பூக்கோவா போல உருண்டு உருண்டு மேலே எழும்புகிற வெள்ளை முகிலை மத்தியானத்தில் கண்டால், அதன் அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கினால், அன்றைக்கு வேலையைக் காலையோடு முடித்துக்கொள்வதே நல்லது.

ஆனால் எமது தொழிலின் நேரம் அப்படி இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து வைத்து, பின்னேரம் வெயில் தணிந்ததும்தான் பலர் தண்ணீருக்குப் போகிறார்கள். இறால் இருட்டோடுதான் கிளம்பும். மழைக்காலம் தொடங்கி வெள்ளம் களப்பில் இறங்குகிற நாட்களில்தான் கைநிறையக் கிடைக்கும். இடி வருகிற மாதமும் நேரமும், காசு வருகிற மாதமும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. இத்தோடு கிழமைதோறும் நுண்கடனுக்குக் கட்டுக்காசு கட்டுகிற நாளும் சேர்ந்துகொண்டால், "இன்னும் ரெண்டு வீச்சுத்தானே அக்கா, எறிஞ்சுபோட்டு வாறன்" என்ற சொல் தானாக வாயில் வந்துவிடும். அந்த இரண்டு வீச்சைப் பற்றித்தான் இனிக் கதைக்கப் போகிறோம்.

மின்னல் இறங்கும்போது சுற்றுவட்டாரத்தில் உயர்ந்து நிற்பதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். ஊருக்குள் அது பனையாகவோ தொலைத்தொடர்புக் கோபுரமாகவோ இருக்கும். குளத்தின் நடுவிலோ தட்டையான தண்ணீர்தான். அதில் உயர்ந்து நிற்பது வள்ளத்தில் எழும்பி நின்று தடி ஊன்றுகிற பெண்தான். அந்தத் தடியோ துடுப்போ மேலே தூக்கியிருந்தால் இன்னும் உயரம். மார்பளவு தண்ணீரில் நிற்பவளுக்கும் தலைதான் உயரம். நேரே தலையில் விழ வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் தண்ணீரில் விழுந்தாலும் மின்சாரம் நீர்ப்பரப்பில் நாலாபக்கமும் பரவும். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்ற பேதம் அதற்கு இல்லை. ஒரு மின்னலில் பாய்கிற மின்னோட்டம் சாதாரணமாக 30,000 அம்பியர் அளவில் இருக்கும். எங்கள் வீட்டு மின்குமிழுக்கு ஒரு அம்பியர்கூடத் தேவையில்லை.

வெனிசுவேலா நாட்டில் மரக்காய்போ என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. செய்மதிகள் பல ஆண்டுகள் எடுத்த கணக்கை வைத்து, உலகிலேயே மின்னல் அடர்த்தி மிகக் கூடிய இடம் அதுதான் என்று 2016 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஏரிக்கு நடுவே கால்நட்டு வீடு கட்டி மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே மின்னல் இரவில்தான் கூடுதல். பகலில் சூடேறிய தண்ணீர் இரவிலும் சூட்டை வைத்திருக்க, சுற்றியுள்ள மலைகளில் இருந்து குளிர்ந்த காற்று இறங்கி வந்து அதன்மேல் முட்டுகிறது. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இப்படித்தான். அங்கும் இரவு மீன்பிடிப்பவர்கள்தான் அதில் அகப்படுகிறார்கள். பின்னேரம் இடிக்கவில்லை, இனி விடியும்வரை பயமில்லை என்று கடலிலோ பெரிய நீர்ப்பரப்பிலோ கணக்குப் போடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எப்போது கரையேறுவது? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அதை எமக்கு ஒருவரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. எறிகணை குத்துகிற சத்தம் கேட்டதும் மனத்துக்குள் எண்ணி, விழுமுன்னர் பதுங்குகுழிக்குள் குதித்தவர்கள் நாங்கள். மின்னலையும் அப்படி எண்ணலாம். வெளிச்சம் உடனே தெரிந்துவிடும். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் நடந்துதான் வரவேண்டும். வெளிச்சம் கண்டதில் இருந்து சத்தம் கேட்கும்வரை நிதானமாக எண்ணுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. நீங்கள் நிற்கிற இடத்திலும் அடுத்தது விழலாம். முகிலின் ஓரத்தில் இருந்து வெகுதூரம் தள்ளி, மழை ஒரு துளி விழாத, வெயில் அடிக்கிற இடத்திலும் மின்னல் விழுவதுண்டு. உடையார்கட்டில் முழங்குகிற இடி விசுவமடுக் குளத்துக்குள் நிற்பவளுக்கும் உரியதுதான்.

எண்ணத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லுங்கள்: இடி காதில் கேட்டால் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. கடைசி இடி கேட்டதில் இருந்து அரை மணித்தியாலம் முடியும்வரை திரும்ப இறங்கவும் கூடாது. மழை விட்டவுடன் வலையைப் பார்க்க ஓடுகிற அந்த நேரத்திலும் மின்னல் ஆட்களை எடுக்கிறது.

எறிகணைக் காலத்துப் பழக்கம் எண்ணுவதற்கு உதவினாலும், இன்னொரு பழக்கம் எமக்குக் கேடாக முடியும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய சத்தம் கேட்டால் குப்புற விழுந்து படுத்துவிடுவது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. ஆண்டுகள் பல போன பின்னரும், சித்திரை இடி முழங்கும்போது முற்றத்தில் விழுந்து படுத்த பெண்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மின்னலுக்குப் படுப்பது பிழையான பாதுகாப்பு. எறிகணையின் சிதறல் நிலத்துக்கு மேலால் பறக்கிறது, படுத்தால் தப்பலாம். மின்னல் விழுந்தபிறகு மின்சாரம் நிலத்துக்குள்ளால் பரவுகிறது. தலை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நீட்டிப் படுத்திருந்தால், அது ஒரு பக்கத்தால் ஏறி உடம்பு முழுவதையும் கடந்து மறுபக்கத்தால் இறங்கும். கால்களை அகட்டி நிற்பதும் இதே ஆபத்துத்தான். முன்னங்கால் பின்னங்கால் தூரமாக இருப்பதால்தான் மாடுகள் கூட்டமாகச் சாகின்றன. 2016 ஓகஸ்ட்டில் நோர்வேயின் மலைவெளி ஒன்றில் 323 கலைமான்கள் ஒரே இடி மழையில் செத்துக் கிடந்தன. நெருக்கமாக நின்றதால் நிலத்தால் வந்த மின்சாரமே எல்லாவற்றையும் எடுத்தது.

ஆகவே ஒதுங்க ஓரிடமும் இல்லை, தலைக்குமேல் இடிக்கிறது என்ற நிலையில், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்தி இருங்கள். தலையைக் குனிந்து காதுகளைப் பொத்துங்கள். கையை நிலத்தில் ஊன்ற வேண்டாம். பலர் இருந்தால் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்காமல் தள்ளித் தள்ளி இருங்கள். பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காமல் இருப்பது எந்தத் தாய்க்கும் கடினம் என்று தெரியும். ஆனாலும் ஒரே மின்னலில் எல்லோரும் விழுந்தால் எழுப்புவதற்கு ஒருவர் மிஞ்சமாட்டார். குந்துவதை வேறு வழியற்ற நேரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். அது முழுப் பாதுகாப்பு அல்ல. பழைய பதுங்குகுழிகளும் உதவா. அவற்றில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், பாம்பும் இருக்கும்.

வள்ளத்திலோ ரியூப்பிலோ அகப்பட்டுக்கொண்டால் முதலில் எழும்பி நிற்பதை விடுங்கள். கரை கிட்ட என்றால் குனிந்திருந்தபடியே துளாவிக் கரையேறுங்கள். வலை தண்ணீரில் கிடந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு வெற்றுக் கானை அடையாளத்துக்குக் கட்டிவிட்டால் மழை விட்டதும் எடுக்கலாம். கரை தூரம் என்றால் தடியையும் துடுப்பையும் படுக்க வைத்துவிட்டு வள்ளத்தின் நடுவில் குந்துங்கள். கையோ காலோ தண்ணீரில் தொங்கக் கூடாது. நங்கூரம், இரும்புச் சங்கிலி, இயந்திரம் எதையும் தொட வேண்டாம். ரியூப்பில் போகிறவர்களுக்குத்தான் இதில் ஒரு வழியும் இல்லை; காலும் கையும் எப்போதும் தண்ணீருக்குள். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். முகிலில் இருந்து சில கிலோமீற்றர் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு இரண்டு விரற்கடை ரப்பர் ஒரு பொருட்டல்ல. ஆதலால் ரியூப்பில் போகிறவள் மற்றவர்களுக்கு முதலே கரையேற வேண்டும்.

கரையேறினால் எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. உண்மையான பாதுகாப்பு இரண்டே இடங்களில்தான் உண்டு. ஒன்று, சுவரும் கூரையும் உள்ள, மின்சாரக் கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற நிரந்தரக் கட்டடம்: பள்ளிக்கூடம், வீட்டுத்திட்ட வீடு, பொதுநோக்கு மண்டபம். மற்றையது, இரும்புக் கூரையுள்ள மூடிய வாகனம்: பேருந்து, வான், கார். உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி, உந்துருளி, சைக்கிள் இவற்றில் சேரா. கரையில் இருக்கிற மீன்வாடி, ஓலைக்கொட்டில், நாலு தூணில் நிற்கிற பேருந்துத் தரிப்பிடம், சுவரில்லாத கோயில் மடம் எல்லாம் மழைக்கு ஒதுங்கத்தான் உதவும், மின்னலுக்கு உதவா. எமது களப்புக் கரைகளில் பல இடத்தில் வாடியைவிட வேறொன்றும் இல்லை என்பதை நானும் அறிவேன். அதனால்தான் எண்ணுகிற கணக்கு மற்றவர்களைவிட எமக்கு முக்கியமாகிறது. கட்டடம் அரை மணித்தியால நடை என்றால், தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதும் புறப்பட வேண்டும். தலைக்குமேல் வந்தபிறகு புறப்பட்டு என்ன பயன்?

புறப்படும்போது பழகிய பாதையாலேயே போங்கள். அவசரத்தில் பற்றைக்குள்ளால் குறுக்கே விழ வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வேலை செய்து பெரும்பகுதி நிலத்தைத் துப்புரவாக்கித் தந்திருக்கின்றன. ஆனாலும் நந்திக்கடலைச் சுற்றிய இடங்களில் மழை அரித்தபிறகு வெடிக்காத பொருட்கள் மேலே தெரிவது இன்னும் நின்றபாடில்லை. மண்டையோட்டு அடையாளம் இருக்கிற பக்கம் போகாதீர்கள். தண்ணீருக்குள் வலையில் இரும்பாக ஏதும் சிக்கினால் இழுத்துப் பார்க்க வேண்டாம்; வலையை அறுத்துவிட்டு இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்புக்கு விலை இருக்கிறது என்ற ஆசை ஏற்கெனவே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது.

உடம்புக்குள் எறிகணைத் துண்டு இருந்தால் மின்னலை இழுக்குமா? செயற்கைக்கால் போட்டிருந்தால்? இந்த ஐயம் எம்மில் பலருக்கு உண்டு. இழுக்காது. இரும்பு மின்னலைக் கடத்தும், கூப்பிடாது. மின்னல் பார்ப்பது உயரத்தையும் தனித்து நிற்பதையும்தான். தோடும் தாலிக்கொடியும் கழற்றிவைக்கத் தேவையில்லை. ஆனால் செயற்கைக்காலோடு உளைச்சேற்றில் நடந்து கரைக்கு வர மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சிலர் காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுகிறார்கள். அவர்கள் இடி தூரத்தில் இருக்கும்போதே திரும்ப வேண்டும். கூட்டாகப் போகிறவர்கள் மெதுவாக நடக்கக்கூடியவளின் நேரத்தை வைத்தே எல்லோரும் திரும்புகிற நேரத்தைத் தீர்மானியுங்கள்.

கூட்டு என்றதும் ஒன்று சொல்லலாம். தண்ணீருக்குள் குனிந்து நிற்பவளுக்கு வானம் தெரியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து போனால், கரையில் இறால் தெரிந்துகொண்டிருக்கிற வயதான அம்மா ஒருவரிடம் வானம் பார்க்கிற பொறுப்பைக் கொடுங்கள். ஒரு பிளாஸ்ரிக் விசிலும், பொலித்தீன் பையில் சுற்றிய கைத்தொலைபேசியும் அவரிடம் இருக்கட்டும். அவர் ஊதினால் தருக்கம் பேசாமல் எல்லோரும் ஏற வேண்டும். அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்; அவர் செய்வதும் தொழில்தான்.

மின்னல் ஒன்றே தண்ணீரில் எமக்குள்ள ஆபத்து அல்ல. குளத்துக்கு ஒன்று, களப்புக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று வேறுபடும்.

குளங்களில் முதலை. மாலை மங்கும் நேரத்திலும் இருட்டிலும்தான் அது கரையோரம் வரும். பிடித்த மீனை இடுப்பில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது அதற்கு அழைப்பு வைப்பதுபோல. பறியை வள்ளத்துக்குள்ளோ தெப்பத்தின் மேலோ வையுங்கள். மீன் வெட்டிய கழிவைக் குளிக்கிற துறையில் போடாதீர்கள். கோடையில் குளம் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது முதலைகளும் அந்தக் குறுகிய தண்ணீருக்குள்தான் நிற்கும். அடுத்தது துருசு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிற நாளில் துருசுக்கு முன்னால் மேற்பரப்பு அமைதியாகவே தெரியும். கீழே இழுவை இருக்கும். அந்தப் பக்கம் நீந்தவோ தெப்பம் விடவோ வேண்டாம். மாரியில் குளம் வான் பாயும்போதும் அப்படித்தான். 2018 டிசம்பரில் ஓரிரவுப் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரக்கணக்கான மக்கள் பாதிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். வான் பாய்கிற இடத்தில் மீன் துள்ளும், பிடிக்க ஆசை வரும். அந்த ஓட்டத்தில் முழங்காலளவு தண்ணீரே ஆளைப் புரட்டப் போதும். தாமரைக்கொடி காலில் சுற்றினால் உதறாதீர்கள், உதற உதற இறுகும். மல்லாந்து மிதந்தபடி கையால் மெல்லக் கழற்றுங்கள்.

களப்பில் முதல் எதிரி உளை. கால் புதைந்தால் நிமிர்ந்து நின்று இழுக்காமல் தெப்பத்திலோ கானிலோ நெஞ்சைச் சாய்த்து, பாரத்தைப் பரப்பி, ஒவ்வொரு காலாக எடுங்கள். இரண்டாவது திருக்கை, கெளிறு. சேற்றுக்குள் பதுங்கியிருக்கிற திருக்கையை மிதித்தால்தான் குத்தும். பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடந்தால் அது விலகி ஓடிவிடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள சுடுதண்ணீரில் காயத்தை அரை மணித்தியாலத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை வைத்திருங்கள். நஞ்சின் வலி தணியும். சூட்டைக் காயமில்லாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெந்துவிடும். பிறகு வைத்தியசாலைக்குப் போய் முள் முறிந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்து ஏற்பூசியும் போட வேண்டும். மூன்றாவது முகத்துவாரம். மாரியில் களப்பு நிறைந்து வட்டுவாகல் பக்கத்தால் கடலுக்கு உடைத்துக்கொண்டு போகும் நாட்களில் அந்த ஓட்டத்தை எந்தத் துடுப்பாலும் வெல்ல முடியாது. இறால் அங்கேதான் கூட்டமாக இறங்கும் என்பதும் உண்மை. வாய்க்கு உள்ளே, ஓட்டம் தொடாத ஓரத்தில் மட்டும் நில்லுங்கள்.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. எமது கரை கிழக்குக் கரை. சோளகமும் கச்சானும் தரையில் இருந்து கடலுக்கு வீசுகின்றன. அதனால் கரையோரம் குளம்போலத் தட்டையாகக் கிடக்கும். தெப்பத்தில் போகிறவளுக்கு வெளியே போவது மிகச் சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் காற்று எதிர்க்கும். போகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி ஆண்களின் அளவுக்குத்தான் கடையில் கிடைக்கிறது என்றால் கீழ்ப்பட்டியை இறுக்கிக் கட்டிப் போடுங்கள்; தளர்வான அங்கி தண்ணீரில் தலைக்குமேலால் கழன்றுவிடும். அதுவும் இல்லையென்றால் மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் கான் இரண்டு எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இடி முழங்கினால் அருச்சுனன் பெயரைச் சொல்லுவதும் கண்ணாடியைத் துணியால் மூடுவதும் எமது தாய்மாரின் வழக்கம். சொல்வதில் குற்றமில்லை. வீட்டுக்குள் நின்று சொல்லுங்கள். பனை இடியைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது: உயரமான பனையில் அது விழும். ஆனால் அடியில் ஒதுங்கியவருக்கு அங்கிருந்து பாயும். பங்களாதேசத்தில் 2016 மே மாதத்தில் சில நாட்களுக்குள் 80 பேருக்கு மேல் மின்னலால் இறந்தபிறகு, அரசு மின்னலைத் தேசிய அனர்த்தமாக அறிவித்து வயல்வரம்புகளில் இலட்சக்கணக்கில் பனை நட்டது. எங்கள் பனைக்கு இப்படியொரு மதிப்பா என்று கேட்டபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பனை உயர்ந்து நிற்கப் பல ஆண்டுகள் வேண்டும். கன்றுகளில் பல பராமரிப்பின்றிப் போயின. தலையிழந்த பனைகளுக்குப் பதிலாக நட்ட வடலிகளை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். வடஇந்தியாவில் 2020 யூன் 25 ஆம் திகதி ஒரே நாளில், பீகார், உத்தரப் பிரதேச மாநிலங்களில் 100 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியானார்கள். அவர்களில் பலர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

வீட்டுக்குள் வந்தபிறகும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். இடி கேட்டதும் நாங்கள் முதலில் ஓடுவது கொடியில் காய்கிற உடுப்பை எடுக்க. அந்தக் கொடி பலர் வீட்டில் இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி. மரத்தில் விழுகிற மின்னல் கம்பியால் ஓடிவரும். உடுப்பு நனைந்தால் நாளைக்குக் காயும். முட்கம்பி வேலியும் இப்படித்தான். கயிற்றுக் கொடிக்கு மாறுவது பெரிய செலவில்லாத வேலை. கைத்தொலைபேசியில் கதைக்கலாம், மின்னேற்றியில் செருகியபடி கதைக்கக்கூடாது.

ஒருவரை மின்னல் தாக்கிவிட்டால்? அவரைத் தொடலாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டால் எமக்கும் அடிக்கும் என்று பயந்து நிற்கிற சில நிமிடங்களில்தான் உயிர் போகிறது. தண்ணீரில் கிடந்தால் முகத்தை மேலே தூக்கிக் கரைக்கு இழுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 1990 க்கு அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வளர்ந்தவர்களுக்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆழம்வரை, நிமிடத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது தடவை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தலுக்கு இரண்டு தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். மின்னலில் இந்த மூச்சு மிக முக்கியம்: நின்ற இதயம் தானாகத் திரும்ப அடிக்கத் தொடங்கினாலும், சுவாசம் நின்றபடியே இருந்துவிடும். அதனால் மூச்சு ஊதாவிட்டால் இதயம் மறுபடியும் நின்றுவிடும். பலர் ஒன்றாக விழுந்திருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டுச் செத்தவர்போல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். முனகுகிறவர் மூச்சு விடுகிறார், பெரும்பாலும் தப்பிவிடுவார். இந்தியாவின் சில கிராமங்களில் மின்னல் தாக்கியவரைச் சாணகத்துக்குள் புதைத்து வைக்கிறார்கள். அப்படி இழந்த நேரத்தை எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது.

எழும்பி நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காதின் சவ்வு கிழிந்திருக்கலாம். கால்கள் நீலம்பாரித்து மரத்துப்போய்ச் சில மணித்தியாலத்தில் சரியாகலாம். தோலில் பன்னக் கொடிபோலச் சிவப்புக் கோடுகள் வந்து மறையும். அது தெய்வக்குற்றம் அல்ல. மாதக்கணக்கில் மறதி, தலையிடி, நித்திரையின்மை, எரிச்சல் நீடிப்பதும் உண்டு. "அவளுக்கு அண்டைக்கே பயத்திலை பிசகிப்போச்சு" என்று ஊர் கதைக்குமுன், அது நரம்பில் ஏற்பட்ட காயம் என்று வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். காயமோ இறப்போ நேர்ந்தால் கிராம அலுவலருக்கு அறிவித்து, பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரணப் பகுதியில் பதிந்துகொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அடுத்த இதழில், வெள்ளம் வடிந்தபிறகு வருகிற எலிக்காய்ச்சலைப் பற்றிக் கதைப்போம். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்கள் அதுவரை சேற்றில் இறங்கமுன்னர் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.